சேறு போகணும்... கலர் போகக்கூடாது!

ஏ.டி.வி. வண்டியைக் கட்டுறவங்க ஹீரோ. சரி, அதைக் கழுவுறவங்க?

நாலு மணி நேரம்! மேடு, பள்ளம், கல்லு, சேற்றுக் குழி... ஒண்ணையும் விடாம ஏறி இறங்கிட்டு வண்டி பிட்டுக்குள்ள வந்து நிக்குது. டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரிச்சா, பல்லு மட்டும்தான் வெள்ளையா தெரியுது. வண்டியோட நிலைமை இன்னும் மோசம். அது சிவப்பா, நீலமா, மஞ்சளான்னு அதைக் கட்டின பசங்களுக்கே சந்தேகம் வந்துடும்!

'பாஹா'ன்னு சொன்னாலே மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க முகத்துல தவுசண்ட் வாட்ஸ் பல்பு எரியும். தெரியாத மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். கரடுமுரடான மண்ணுல ஓடுற ஒத்தை சீட் வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சு, ஓட்டிக் காட்டணும். அதுதான் போட்டி. 1976-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பிச்சது. இந்தியாவுக்கு 2007-ல் வந்தது. இந்தூர் பக்கத்துல இருக்கிற பித்தம்பூர்தான் இந்தப் பசங்களுக்கு மெக்கா. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கல்லூரிகள்ல இருந்தும் டீம்கள் லாரியில வண்டியை ஏத்திக்கிட்டு கிளம்பிடுவாங்க. பிரேக் டெஸ்ட், மேடு ஏறுறது, வளைஞ்சு நெளிஞ்சு ஓட்டுறதுன்னு பல ரவுண்டு இருக்கு. கிளைமாக்ஸ்தான் அந்த நாலு மணி நேர என்டூரன்ஸ் ரேஸ்.

டிசைன் பத்தி பேச ஆயிரம் பேர் இருக்காங்க. சஸ்பென்ஷன் பத்திப் பேச ஐந்நூறு பேர். ரேஸ் முடிஞ்சதும் அந்தச் சேற்றை எப்படி எடுக்கணும்னு பேச மட்டும் ஆளே கிடையாது. 'அதுல என்ன இருக்கு மச்சி? ஒரு ஹோஸ் டியூப், ஒரு பனியன் வேஸ்ட், கொஞ்சம் பெட்ரோல்... முடிஞ்சுது!' அப்படித்தானே நினைக்கிறீங்க? அந்த மூணும் சேர்ந்துதான் பல வண்டிகளோட பிளாஸ்டிக் பேனலைக் காலி பண்ணுது பாஸ்!

மண்ணுல ரெண்டு ரகம்

முதல்ல எதிரி யாருன்னு தெரிஞ்சுக்குவோம். பித்தம்பூர் இருக்கிற மால்வா பீடபூமி முழுக்க கரிசல் மண். எரிமலைப் பாறை மக்கி உண்டான மண் அது. அதுல இருக்கிற களிமண் தண்ணியைக் குடிச்சு உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். நம்ம கோவில்பட்டிப் பக்கம் மழைக்காலத்துல செருப்போட நடந்தவங்களுக்குத் தெரியும்... பத்தடி போனா காலுக்கு அடியில இன்னொரு செருப்பு முளைச்சிருக்கும்! கரிசலோட குணம் ஒட்டிக்கிறது.

ஊர்ல பிராக்டீஸ் ஓட்டுற இடம் செம்மண்ணா இருந்தா கதை வேற. செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுக்கிறது இரும்பு ஆக்சைடு. ஒரு வகையில துருவோட சொந்தக்காரன். செம்மண் ஒட்டுறதோட நிக்காது, சாயமும் ஏத்திட்டுப் போகும். கட்டியா இருக்கிற சேறு தண்ணி பட்டதும் போயிடும். ஆனா வெள்ளைப் பேனல்ல ஆரஞ்சு நிறத்துல ஒரு நிழல் மாதிரி தங்குது பாருங்க, அதுதான் தலைவலி.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். ஏ.டி.வி. மட்கார்டுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் ரகம். தொட்டுப் பார்த்தா மெழுகு மாதிரி வழுக்கும். பெயின்டே இதுல ஒழுங்கா ஒட்டாது, பசையும் ஒட்டாது. அப்புறம் சேறு மட்டும் எப்படி ஒட்டுது?

பதில் சிம்பிள். ஒட்டலை, ஒளிஞ்சுக்குது! களிமண் துகளோட சைஸ் 2 மைக்ரானுக்கும் கீழே. உங்க தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான்னா கணக்குப் போட்டுக்கங்க. பிளாஸ்டிக்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், அந்தத் துகளுக்கு அது பெரிய பள்ளத்தாக்கு. தண்ணியோட சேர்ந்து உள்ளே போகும். தண்ணி ஆவியாயிடும், அய்யா அங்கேயே பட்டா போட்டு செட்டில் ஆயிடுவார்.

ஆக, கறையோட உண்மையான நண்பன் கீறல்தான். கீறல் எங்கேயிருந்து வருது? பாதி ரேஸ்ல வருது. மீதி நாம 'சுத்தம்' பண்றப்போ வருது!

உப்புத்தாளால் முகம் துடைப்பீங்களா?

மண்ணுல மணல் இருக்கு. மணல்ல குவார்ட்ஸ் இருக்கு. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், சாதா இரும்புக் கத்தியையும் கீறும். பிளாஸ்டிக் எல்லாம் அதுக்கு அல்வா மாதிரி. காய்ஞ்ச சேறு இருக்கிற பேனலைத் துணியால ஒரு இழுப்பு இழுத்தா, நீங்க துடைக்கலை... உப்புத்தாள் போடுறீங்க!

காருக்காவது பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு ஒரு படலம் இருக்கும். பாலிஷ் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். ஏ.டி.வி. பிளாஸ்டிக் பலதுக்கும் அந்தச் சட்டை கிடையாது. நிறம் பிளாஸ்டிக்கோடவே கலந்து வார்த்தது. கீறினது கீறினதுதான். இன்னிக்கு நீங்க போட்ட கீறல்ல அடுத்த வருஷ சேறு வந்து உட்காரும். அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பீங்க. இன்னும் கீறல், இன்னும் கறை... முடிவே இல்லாத மெகா சீரியல்!

வாங்க, கழுவலாம்!

சரி, எப்படித்தான் கழுவறது? ஸ்டெப் பை ஸ்டெப்பா போவோம்.

முதல் வேலை, காத்திருக்கிறது. வண்டி வந்த சூட்டோட தண்ணி அடிக்காதீங்க. சைலன்ஸர், பிரேக் டிஸ்க் எல்லாம் கொதிச்சிக்கிட்டு இருக்கும். அதுங்க ஆறட்டும். அதுக்காக சேற்றையும் காய விட்டுடாதீங்க. சூடான பாகங்களை விட்டுட்டு, பேனல் மேல ஈரத் துணியைப் போட்டு வைங்க. ஈரமா இருக்கிற சேறு நண்பன், காய்ஞ்ச சேறு வில்லன். காற்று உள்ளே போற வழி, சைலன்ஸர் வாய், மின் இணைப்புகள் இதையெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிடுங்க. வேலை முடிஞ்சதும் கவரை மறக்காம எடுக்கிறதுக்கு ஒரு ஆளை நேந்து விடுங்க!

ரெண்டாவது, ஊற வைக்கிறது. தண்ணியைச் சும்மா மழை மாதிரி விடுங்க. பத்து நிமிஷம் ஊறட்டும், மறுபடி விடுங்க. கட்டிச் சேறு தானா வழிஞ்சு இறங்கணும். இந்தக் கட்டத்துல கை, துணி, பிரஷ் எதுவும் பேனல்ல படவே கூடாது. மட்கார்டோட அடிப்பக்கத்தையும் மறக்காதீங்க. மேலே பளபளன்னு வச்சிட்டு அடியில ரெண்டு கிலோ மண்ணை வளர்க்கிறவங்கதான் அதிகம்.

மூணாவது, ரெண்டு பக்கெட் டெக்னிக். ஒண்ணுல வண்டி கழுவுற ஷாம்பு கலந்த தண்ணி. இன்னொண்ணுல வெறும் தண்ணி. மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்ச் அல்லது மைக்ரோஃபைபர் துணியை ஷாம்புல முக்கித் தேய்ச்சதும், வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்பு பக்கெட்டுக்குள்ள விடணும். ஒரே பக்கெட்டுன்னா, எடுத்த மணலையே திரும்ப வண்டியில பூசுறீங்கன்னு அர்த்தம். இண்டு இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ், பெயின்ட் பிரஷ் போதும். மேலே இருந்து கீழே வாங்க. ரொம்ப அழுக்கான அடிப்பகுதி கடைசியில.

நாலாவது, அந்த ஆரஞ்சு நிழல். ஷாம்பு போட்டும் போகலைன்னா அது வெறும் அழுக்கில்லை, இரும்பு. இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பித்தளைக் குடத்துக்குப் பாட்டி ஏன் புளி போட்டுத் தேய்க்கிறாங்க? புளியில இருக்கிற அமிலம் அந்த மங்கலைக் கரைச்சுடும். வெள்ளைச் சட்டையில துருக்கறை பட்டா எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்ச்சு வெயில்ல போடுறது எதுக்கு? அதே அமில வேலைதான். இரும்புக் கறைக்கு இன்னும் கெட்டிக்காரன் ஆக்ஸாலிக் அமிலம். இரும்பைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத் தண்ணியில கரைஞ்சு போயிடும். கடைகள்ல கிடைக்கிற துருக்கறை நீக்கிகள் பலதுல இருக்கிறது இதுதான்.

ஆனா உஷார்! இது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதீங்க. டப்பாவில போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க. முதல்ல பேனலோட உள்பக்கத்துல ஒரு ஓரத்துல போட்டுப் பாருங்க. நிறம் மாறலைன்னா மட்டும் கறையில தடவி, காய விடாம சில நிமிஷத்துல நல்லா அலசிடணும். உலோகப் பாகத்துல வழிய விடாதீங்க.

'பிளீச்சிங் பவுடர் போட்டா வெள்ளையாயிடுமே'ன்னு ஒருத்தர் ஐடியா கொடுப்பார். எல்லா டீம்லயும் அப்படி ஒருத்தர் உண்டு! பிளீச் இரும்புக் கறையை எடுக்காது. அதைவிட முக்கியம், பிளீச்சும் அமிலமும் ஒண்ணா சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்கே ஆபத்து. ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே இடத்துல வச்சுக்கவே வேணாம்.

கடைசியா, நிழல்ல நிறுத்தி ஒத்தி எடுத்துத் துடைங்க. அப்புறம் பிளாஸ்டிக்குக்கான, வெயிலைத் தாங்குற பாலிஷ் ஒரு கோட். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை வெளுக்க வச்சு, உடையிற பதத்துக்குக் கொண்டுவந்துடும். மொட்டை மாடித் தண்ணித் தொட்டி பல வீடுகள்ல ஏன் கறுப்பா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுல கலந்திருக்கிற கரித்தூள் அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கிட்டு பிளாஸ்டிக்கைக் காப்பாத்துது. உங்க கலர் பேனலுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. அதனால பாலிஷும் நிழலும் ரொம்ப முக்கியம்.

இதை ரேஸுக்கு முன்னாடியே செஞ்சா டபுள் லாபம். சுத்தமான பேனல்ல சிலிகான் ஸ்ப்ரே அல்லது மெழுகுப் பாலிஷ் போட்டுட்டா, சேறு பிடிமானம் இல்லாம வழுக்கி விழும். ஆனா சீட், ஸ்டியரிங், பெடல், பிரேக் பக்கம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அங்கே வழுக்கினா விழப்போறது சேறு இல்லை, நீங்க!

செய்யாதீங்க ப்ளீஸ்!

* கம்பி பிரஷ், ஸ்டீல் நார், பாத்திரம் தேய்க்கிற பவுடர்... மூணுக்கும் நோ என்ட்ரி. தேங்காய் நாரும் வேணாம்.

* பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. பளபளப்பு போயிடும், ஸ்டிக்கர் உரிஞ்சிடும். சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோல் துணியோட நிக்கிறது தற்கொலை முயற்சி. முன்னாடி இருக்கிற கண்ணாடி மாதிரியான அக்ரிலிக், பாலிகார்பனேட் பாகங்கள்ல தின்னர் பட்டா வலைப்பின்னல் மாதிரி விரிசல் விடும்.

* வாட்டர் வாஷ் கடையோட பிரஷர் கன்னை ரொம்பக் கிட்டக்க பிடிக்காதீங்க. பேரிங், ஆயில் சீல், மின் இணைப்பு, ஸ்டிக்கர் ஓரம் இதுக்கெல்லாம் நேரா அடிச்சா, தண்ணி சேற்றை வெளியே தள்ளாது, உள்ளே தள்ளும்!

* மடங்கின இடத்துல பிளாஸ்டிக் வெள்ளையா மாறியிருந்தா அதைத் தேய்க்காதீங்க. அது கறை இல்லை, பிளாஸ்டிக் வளைஞ்ச தழும்பு. ஹாட் ஏர் கன்னால லேசா சூடு காட்டினா கொஞ்சம் குறையும். ஆனா பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள்ள, பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி பக்கத்துல உருகிடும். கன்னோட சூடோ சில நூறு டிகிரி. ஒரே இடத்துல நிறுத்தினா பேனல் அப்பளமாயிடும்.

* எந்த பிளாஸ்டிக்னே தெரியலையா? பேனலோட உள்பக்கம் பாருங்க. பல பாகங்கள்ல 'பி.பி.', 'பி.இ.'ன்னு எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்துக் கூட்டம் பாலிப்ரொப்பிலீன், ரெண்டாவது பாலிஎத்திலீன். நீங்களே ஃபைபர்ல வார்த்த பேனலா இருந்தா ஹாட் ஏர் கன் ஐடியாவையே மறந்துடுங்க.

சேற்றுக்குக் கீழே என்ன இருக்கு?

இவ்வளவு மெனக்கெடணுமா, அழகுக்காகவான்னு கேக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. ஈரச் சேறு ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.7-லிருந்து 1.9 கிலோ எடை. ஒரு 10 லிட்டர் பக்கெட் அளவு சேறு வண்டியில ஒட்டியிருந்தா 17 கிலோவுக்கு மேல! பிராக்கெட்ல ஓட்டை போட்டு 200 கிராம் குறைக்கிறதுக்காக ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கிடக்கிறீங்க. அதே வண்டிக்கு அடியில ஒரு சின்னப் பையன் எடைக்குச் சேற்றைச் சும்மா சுமக்க வைக்கிறீங்க. நியாயமா?

அடுத்தது சூடு. காத்தால குளிருற இன்ஜின்ல, இறகு மாதிரி இருக்கிற ஃபின்களுக்கு நடுவுல சேறு அடைச்சா சூடு எங்கே போகும்? சைலன்ஸர் பக்கம் காய்ஞ்ச புல்லும் மண்ணும் சேர்ந்து அடைச்சுக்கிட்டா தீப்பிடிக்கவே வாய்ப்பு இருக்கு.

எல்லாத்தையும் விட முக்கியமானது விரிசல். நாலு மணி நேரம் குதிச்ச வண்டியில வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கலாம். சஸ்பென்ஷன் கையில ஒரு போல்ட் அரைச் சுத்து லூஸாகியிருக்கலாம். ஆக்ஸில் ரப்பர் உறை கிழிஞ்சிருக்கலாம். பிரேக் டியூப் எங்கேயோ உரசித் தேய்ஞ்சிருக்கலாம். சேறு அத்தனையையும் ஒரு போர்வை மாதிரி மூடி வச்சிருக்கும். அடுத்த பிராக்டீஸ்ல அந்த சீட்டுல உட்காரப் போறது உங்க ஃப்ரெண்ட். அவர் உயிருக்கான முதல் செக்கிங் ஸ்கேன் மெஷின்ல நடக்கிறதில்லை, ஸ்பாஞ்சோட நீங்க குனிஞ்சிருக்கீங்களே, அங்கேதான் நடக்குது!

அதனால கழுவும்போது பக்கத்துல ஒரு நோட்டு வைங்க. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலதுன்னு நாலு கட்டம். விரிசல், லூஸ், கசிவு, தேய்மானம் எது தெரிஞ்சாலும் எழுதி, ஒரு போட்டோவும் எடுத்துடுங்க. ஒரு சூட்சுமம்... கழுவித் துடைச்ச இடத்துல மறுபடி மறுபடி ஒரே கோட்டுல ஈரமோ துருவோ கசிஞ்சா, அங்கே விரிசல் இருக்கலாம். சந்தேகப்படுங்க!

எங்கே கழுவுறோம்கிறதும் முக்கியம். வேற ஊர் மண்ணோட வேற ஊர் விதையும் வரும். பார்த்தீனியம் மாதிரியான களைச்செடிகள் வண்டிச் சேற்றில் ஒட்டிக்கிட்டே ஊர் விட்டு ஊர் போகுது. ஆஸ்திரேலியாவில் பழைய வண்டிகளை இறக்குமதி பண்ணணும்னா மண் ஒட்டாம சுத்தமா வந்தாகணும்னு சட்டமே இருக்கு. நாமளும் பித்தம்பூர் மண்ணைப் பித்தம்பூரிலேயே விட்டுட்டு வந்துடலாம். ஆயில் கலந்த தண்ணியைக் குளத்துப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ விட வேணாம்.

ஸ்பாஞ்ச் யார் கையில்?

கடைசியா ஒரு உள்வீட்டு விஷயம். பல டீம்கள்ல வண்டி கழுவுறது ஜூனியர்களோட தலையெழுத்து. டிசைன் பண்ண ஃபைனல் இயர் அண்ணன்கள் சேரைப் போட்டு உட்கார்ந்து, 'டேய் தம்பி, அங்கே இன்னும் இருக்கு பாரு'ன்னு விரலை நீட்டுவாங்க. டீம்ல ஒண்ணு ரெண்டு பொண்ணுங்க இருந்தா, 'நீங்க ரிப்போர்ட் டைப் பண்ணுங்க, இதெல்லாம் எதுக்கு'ன்னு நாசூக்கா ஓரம் கட்டுறதும் உண்டு. ரெண்டுமே தப்பு பாஸ்.

ஏன்னா, கம்ப்யூட்டர்ல வண்டி எங்கே உடையும்னு காட்டுறது கணிப்பு. எங்கே தேய்ஞ்சுதுன்னு சேற்றை விலக்கிப் பார்க்கிறது நிஜம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறவர்தான் இன்ஜினீயர். டிசைன் பண்ணவர் கழுவணும், வெல்டிங் அடிச்சவர் கழுவணும், ஓட்டினவர் கழுவணும், ரிப்போர்ட் எழுதுறவங்களும் கழுவணும். முறை போட்டுக்கங்க. ஜூனியர் பக்கத்துல இருந்து கத்துக்கட்டும், ஆனா அவர் தலையில மட்டும் கட்டாதீங்க.

நாளைக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூவில 'உங்க வண்டியில எது ஃபெயில் ஆச்சு, ஏன்?'னு கேட்டா, சேரில் உட்கார்ந்து விரல் நீட்டினவர் முழிப்பார். ஸ்பாஞ்ச் பிடிச்சவர் பேச ஆரம்பிப்பார். முன் வலது பக்கம், மேல் கை, மூணாவது வெல்டிங்னு இடத்தோட சொல்லுவார்!

அடுத்த வாரம் வொர்க்ஷாப் பக்கம் போறீங்கன்னா, பனியன் வேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பக்கெட் எடுத்துட்டுப் போங்க. கூடவே ஒரு நோட்டும் பேனாவும்!